கொழும்பு நகரின் நுழைவாயில் வீதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

மதில் சூழ்ந்த நகரொன்றின் வாயில் எங்கே உள்ளது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. மதிலில் விடப்பட்ட இடைவெளியே வாயில். அதற்கு ஒரு பெயர் உண்டு, காவலன் உண்டு, இரவில் அடைப்பதற்குக் கதவு உண்டு. மதில் இடிக்கப்பட்ட பின்னரோ நகரின் வாயில் எது என்ற வினாவுக்கு எளிதில் விடைகாண முடிவதில்லை. ஆயினும் வாயிலின் தொழில்கள் மதிலோடு சேர்ந்து அழிந்துவிடுவதில்லை. வருவோரைக் கணக்கெடுத்தல், வரி அறவிடல், வேண்டியவரை வரவேற்றல், வேண்டாதவரைத் தடுத்து நிறுத்தல் ஆகிய அத்தொழில்கள் மதிலை விட்டிறங்கி வீதியின்மேல் ஏறிக்கொள்கின்றன. கொழும்பின் மையப்பகுதியை நோக்கிச் செல்லும் பெருவீதிகள் கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு அமைக்கப்பட்டன, யாரை மனத்திற் கொண்டு மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும். வடகிழக்கே களனி கங்கையைக் கடந்து வரும் கண்டி வீதியும், தெற்கே கடலோரமாக வரும் காலி வீதியும் இங்கு சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மருதானை, பொரளை வழியாக வரும் வீதிகளைப் பற்றியும் கூறவேண்டியவை பல உள. அவை வேறொரு கட்டுரைக்குரியன.

போர்த்துக்கேயர் காலத்துக் கொழும்பில் மதிலுக்குள் அடங்கியிருந்த நகரின் பரப்புப் பெரிது. 1656இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மேற்கு முனையை மட்டும் வலிய கோட்டையாக்கி, கிழக்குப் பகுதியைக் குடியிருப்பாக விட்டனர். இவ்வாறு கோட்டை, புறக்கோட்டை என்னும் இரட்டை நகர் தோன்றியது. ஆங்கிலத்தில் 'பெற்றா' என வழங்கும் பெயர் 'பேட்டை' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே. கோட்டைக்கு வெளியே அமைந்த வணிகக் குடியிருப்பைப் பேட்டை என்பது நமது வழக்கு. கோட்டையிலிருந்து பேட்டையை நோக்கித் திறந்த வாயில் 'டெல்வ்ற்' வாயில் எனப்பட்டது. ஒல்லாந்தின் நகரொன்றின் பெயராகிய இதனையே அவர்கள் நெடுந்தீவுக்கும் இட்டனர் என்பதை யாழ்ப்பாணத்து வாசகர் அறிவர். அவ்வாயிலின் எச்சத்தை இன்றும் கோட்டைப் பகுதியில் வங்கிக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்திற் காணலாம். தெற்கே திறந்தது காலி வாயில். புறக்கோட்டையின் கிழக்கு எல்லையில் இருந்தது 'கெய்மன்' வாயில். முதலையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அவ்வாயிலும் அகழியும் மறைந்துவிட்டன. அதனருகே நின்ற மணிக்கூண்டு மட்டும் பிரதான வீதியின் முடிவில், கடைகளின் நெரிசலுக்கிடையே இன்றும் நிற்கிறது. இரவில் வீதிகள் அடங்குவதற்கு அறிகுறியாக அம்மணி ஒலிக்கப்பட்டதாகக் கூறுவர்.

ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புக்கு வரும் பொருள்களிற் பெரும்பகுதி நீர்வழியே வந்தது. நீர்கொழும்பு வரை சென்ற கால்வாய்களும் களனி கங்கையும் அக்காலத்துப் பெருவழிகள். கண்டி அரசர் தமது நாட்டுக்குச் செல்லும் வழிகளைக் காடடர்ந்த ஒற்றையடிப் பாதைகளாகவே வைத்திருந்தனர். அதுவே அவர்களுக்கு மதில். எனவே வடகிழக்கு வாயிலுக்கு வெளியே பெருவீதி என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. நாகலகம் என்னுமிடத்தில் இருந்த தோணித்துறை மட்டுமே இருந்தது. கொழும்பைச் சூழ்ந்த துறைகளுள் பெரியது அது. இன்று அப்பகுதிக்கு வழங்கும் 'கிராண்ட்பாஸ்' என்னும் பெயர் பெருந்துறை என்ற பொருளைத் தருவது. சிங்களத்தில் 'தொட்டலங்க' என்றால் துறைக்கு அருகே என்று பொருள். தமிழர் அவ்விடத்தைப் பாலத்துறை என்பர். மூன்று மொழிகளும் ஒரே தோணித்துறையை நினைவில் வைத்திருக்கின்றன. மட்டக்களப்பிலோ வாவியைக் கடக்கும் மிதவைக்கே 'பாதை' என்று பெயர். வழியும் வழியைக் கடப்பிக்கும் கலமும் ஒரே சொல்லில் அடங்கிய அவ்வழக்கை இங்கு எண்ணிப் பார்ப்பது தகும்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817இல் ஊவாவில் மூண்டு அடுத்த ஆண்டும் தொடர்ந்த கிளர்ச்சி, படைகள் விரைந்து செல்லத்தக்க வீதியில்லாமல் மலைநாட்டை ஆள முடியாது என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. சேர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சிப் பொறுப்பிலிருந்த காலத்தில் கண்டி வீதி அமைக்கப்பட்டது. அதனை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரத்தைப் பேராதனைக்கு வந்துபோகும் மாணவர் அனைவரும் கண்டிருப்பர். அத்தூபியிற் பெயர் பொறிக்கப்படாதோர் பலர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் கீழ் ஊரூராக அழைத்து வரப்பட்ட மலைநாட்டுக் குடியானவர்களே மண்வெட்டியும் கற்களும் சுமந்து இவ்வீதியை உருவாக்கினர். இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் கொண்டுவரப்பட்ட வீதிச் சட்டம், உடல் வலுவுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. தாம் செல்லாத நகரொன்றின் வாயிலைத் தம் உழைப்பால் திறந்துவைக்க வேண்டியிருந்ததே மக்களின் மனக்கசப்பு என்று கொள்வது பொருந்தும்.

வீதி கொழும்பை அடையும் இடத்தில் ஆறு குறுக்கிட்டது. 1822இல் நாகலகத் துறையில் படகுகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேல் பலகை பரப்பிய மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பின் உண்மையான வாயில் இதுவே என்று துணிந்து கூறலாம். மதிலின் வாயில்கள் அப்போது இடிபடவில்லையெனினும் அவற்றின் தொழில் ஆற்றங்கரைக்கு நகர்ந்துவிட்டது. பாலத்தைக் கடப்போர் ஆயம் செலுத்தவேண்டும். பாலங்களிலும் துறைகளிலும் ஆயம் அறவிடும் உரிமையை அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. சாராயக் குத்தகையைப் போலவே ஆயக் குத்தகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர்ச் செல்வர் வகுப்பொன்று தலையெடுக்க வழிவகுத்தது. கொழும்பின் பெருமாளிகைகள் சிலவற்றின் அடித்தளத்தில் மாட்டுவண்டிக்காரனின் சில்லறைக் காசும் கலந்திருக்கிறது.

மாட்டுவண்டிக்காரனே அவ்வீதியின் முதன்மையான பயணி. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே அஞ்சல் குதிரைவண்டி ஓடத் தொடங்கியதை வரலாற்று நூல்கள் பெருமையோடு குறிப்பிடுகின்றன. ஆசியாவில் இதுவே முதலாவது என்றும் கூறுவதுண்டு. ஆனால் குதிரைவண்டி ஒன்று போனால், கோப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் நிரைநிரையாக வந்தன. மலைநாட்டிற் பறித்து உமியோடு அனுப்பப்பட்ட கோப்பி, கொழும்பின் களஞ்சியங்களில் மீண்டும் உலர்த்தி, குற்றி, தரம்பிரித்த பின்னரே கப்பலேறியது. தரம்பிரிக்கும் பணியிற் பெண்கள் பெருந்தொகையாக ஈடுபட்டனர். வண்டிப் பட்டறை, லாடம் அடிக்குமிடம், வைக்கோற் கடை, சோற்றுக் கடை, வண்டிக்காரர் தங்கும் மடம் என ஆற்றங்கரைக்கும் புறக்கோட்டைக்கும் இடைப்பட்ட வீதியோரம் ஒரு வாயிற் சமூகம் உருவாகியிருக்கவேண்டும். எந்த நகரத்தின் வாயிலிலும் இத்தகைய சமூகம் தானாகவே தோன்றும். அதனை எவரும் திட்டமிட்டு அமைப்பதில்லை.

திட்டமிட்டு அமைக்கப்பட்டது தெற்கு வாயில். காலி வாயிலுக்கு வெளியே இருந்த வெளியைக் கோட்டைப் பீரங்கிகளின் பார்வைக்குத் தடையின்றி இருக்கவேண்டுமென்பதற்காக ஒல்லாந்தர் வெறுமையாக விட்டிருந்தனர். பிரித்தானியர் அதிலே குதிரைப் பந்தயம் நடத்தினர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் அங்கே கடலோர உலாவீதியொன்றை அமைக்கத் தொடங்கினார். அது 1859இல் நிறைவுற்றது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டும் கல்வெட்டொன்றையும் அவர் நாட்டச் செய்தார். 1864இல் திடலின் தென்முனையில் காலிமுக ஹொட்டேல் திறக்கப்பட்டது. அதற்கப்பால் தென்னஞ்சோலைகளுக்கூடாகக் கொள்ளுப்பிட்டியையும் பம்பலப்பிட்டியையும் கடந்து கல்கிசை வரை வீதி சென்றது. கல்கிசையிலே தேசாதிபதிகளின் கடற்கரை மாளிகை இருந்தது. அதனைப் பெரிதாக்கிக் கட்டியவரும் கண்டி வீதிக்குப் பெயர்பெற்ற அதே பார்ன்ஸ்தான்.

ஒரே நகருக்கு இரு வாயில்கள் அமைந்த வகை இங்கு நோக்கத்தக்கது. தெற்கு வாயிலில் காற்று வாங்குவதற்கென வெளி பேணப்பட்டது. வீதியின் இருமருங்கும் உயர்வகுப்பாரின் வளமனைகள் எழுந்தன. வடகிழக்கு வாயிலிற் சுமை இறங்கியது, ஆயம் அறவிடப்பட்டது. நகருக்கு வருவாய் தந்த வீதி ஒன்று. நகர் தன் அழகைக் காட்டிய வீதி மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்பட்ட இவ்வேறுபாடு பின்னர் வந்த எந்தத் திட்டத்தினாலும் மாற்றப்படவில்லை என்பதே என் கருத்து. திட்டங்கள் பலவும் இதனை ஆழமாக்கவே செய்தன.

இவ்விரு வாயில்களையும் இணைப்பதாக ஒன்றைச் சொல்லலாமெனின் அது ஆடிவேல் விழாவே. புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயிலிலிருந்து புறப்படும் வேற்பெருமானின் தேர், கோட்டையின் ஓரமாகக் காலிமுகத்திடலைக் கடந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கோயிலை அடைகிறது. நகரத்தார் தொடக்கிவைத்த இவ்விழாவைக் காண இனமத வேறுபாடின்றி மக்கள் திரண்டனர். வடக்கு வாயிலின் வணிகப் பேட்டை ஆண்டுக்கொருமுறை தெற்கு வாயிலின் வழியே, தனது நடைவேகத்தில், வீதி முழுவதையும் தனதாக்கிச் சென்றுவரும் காட்சி அது.

1865இல் மாநகரசபைச் சட்டம் நிறைவேறியது. 1867இல் புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. 1869இல் கோட்டை மதில்களை இடிக்கும் பணி தொடங்கியது. இம்மூன்றும் நான்காண்டு இடைவெளிக்குள் அடங்கியமை தற்செயலன்று. கோப்பியின் செல்வம் கோட்டைக்குள் அடங்க மறுத்தது என்க. புகையிரதம் வந்ததும் கண்டி வீதியில் வண்டிகளின் நிரை தளர்ந்தது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கி 1885இல் நிறைவுற, துறைமுகமே உலகப் பயணிகளுக்குரிய வாயிலாயிற்று. கப்பலிலிருந்து இறங்குவோர் முதலிற் காணும் கோட்டை வீதிகள் வளைவு முகப்புக்கள் கொண்ட கட்டடங்களால் அணிசெய்யப்பட்டன.

அப்போதும் நகராட்சியின் இருக்கை பழைய வாயிலை விட்டு அகலவில்லை. 1873இல் கட்டப்பட்ட நகர மண்டபம் கெய்மன் வாயிலின் அருகிலேயே எழுந்தது. மீன், மரக்கறி, புடைவை என்று சந்தை இரைந்துகொண்டிருந்த இடத்தின் நடுவே நகரபிதாக்கள் கூடி வீதிகளைப் பற்றியும் வடிகால்களைப் பற்றியும் விவாதித்தனர். யன்னலைத் திறந்தால் நகரம் தெரிந்தது. 1895இல் மிதவைப் பாலத்துக்குப் பதிலாக விக்ரோறியாப் பாலம் என்னும் இரும்புப் பாலம் களனி கங்கையின்மேல் அமைந்தது. 1899இல் மின்சார ட்ராம் பாதைகள் இரண்டு போடப்பட்டபோது அவற்றுளொன்று கிராண்ட்பாஸை நோக்கிச் சென்றது, மற்றையது பொரளைக்கு. சுமைவண்டிகளின் வீதியாக இருந்தது இதனால் தொழிலாளர் வந்துபோகும் வீதியாகவும் ஆயிற்று. என் கணிப்பில் வடகிழக்கு வாயில் வீதிக்கு, அங்கேயே வாழ்வோருக்கென்று கிடைத்த பெருந்திருத்தம் ட்ராம் ஒன்றுதான்.

1928இல் நகராட்சி இடம்பெயர்ந்தது. கறுவாத்தோட்டத்தில், பூங்காவுக்கு எதிரே, வெண்ணிறக் குவிமாடம் கொண்ட புதிய நகர மண்டபம் திறக்கப்பட்டது. பழைய மண்டபத்தின் மாடியில் மேசையைச் சுற்றி உறுப்பினர் அமர்ந்திருப்பதுபோன்ற மாதிரி உருவங்கள் பிற்காலத்தில் வைக்கப்பட்டன. சபை போய்விட்டது, பொம்மைகள் இருந்து கூட்டம் நடத்துகின்றன!

இவ்விடத்தில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகரமேம்பாட்டுச் சட்டத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். வீதியொன்றை அகலிக்க வேண்டுமாயின் இருபுறத்துக் கட்டடங்களையும் ஒரேயடியாக விலைகொடுத்து வாங்கி இடிக்கப் பெரும்பணம் தேவை. அதற்கு மாற்றாக, எதிர்காலத்தில் வீதி எவ்வளவு அகலமாகவேண்டுமோ அந்த எல்லையைப் படத்திற் கோடாக வரைந்துவிடலாம் என இச்சட்டம் வழிகாட்டியது. அதுவே வீதிக்கோடு. கோட்டுக்குள் அகப்பட்ட கட்டடம் உடனே இடிக்கப்படாது. ஆனால் அதனைப் புதுப்பித்துக் கட்ட முனைந்தால் கோட்டுக்குப் பின்னே தள்ளியே கட்டவேண்டும். காலப்போக்கில் ஒவ்வொரு வீடாகப் பின்வாங்க, செலவின்றி வீதி அகலும் என்பது கணக்கு. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் குறுகிய காணியில், பத்தடி முகப்பில் கடை வைத்திருப்பவன் பின்வாங்க எங்கே போவான்? அவன் புதுப்பிக்காமலே விடுகிறான். கூரை ஒழுகினாலும் தகரம் போட்டு மூடுகிறான். இவ்வாறு அகலிப்பதற்கென வரையப்பட்ட கோடு வீதியை அகலிக்காமல் அதன் ஓரத்தை முதுமையடையச் செய்துவிடும். முதுமையடைந்த பின்னர் அதே ஓரத்தைச் சுட்டிக்காட்டி, நகரின் நுழைவாயில் அலங்கோலமாயிருக்கிறது என்று அடுத்த தலைமுறைத் திட்டக்காரர் முறையிடுவர். இன்றும் கொழும்பிற் காணி வாங்குவோர் வீதிக்கோட்டுச் சான்றிதழ் பெற்றுப் பார்க்கின்றனர்.

வாயில் வீதியோரத்து மக்களின் பக்கத்தில் நின்று சிந்தித்த திட்டக்காரர் ஒருவர் இவ்வரலாற்றில் உண்டு. அவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ். உயிரியலில் தொடங்கி நகரவியலுக்கு வந்தவர். 1914இல் தமது நகரக் கண்காட்சியைச் சென்னையில் நடத்துவதற்காக அவர் இந்தியா வந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. சென்னையிற் குண்டு வீசித் தமிழ்ப் பேச்சு வழக்கிலேயே இடம்பிடித்துவிட்ட அதே எம்டன்தான். கெடிஸ் தளரவில்லை, படங்களை மீண்டும் திரட்டிக் கண்காட்சியை நடத்தினார். பின்னர் தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து 1915இல் அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான குடியிருப்பைக் கிழித்துக்கொண்டு நேர்வீதி போடும் வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். மருத்துவர் நோயாளியைச் சோதிப்பதுபோல் முதலில் நகரைச் சோதிக்கவேண்டும். சிதைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, கிடைக்கும் வெளியில் மரம் நட்டு, கோயிலையும் குளத்தையும் கிணற்றடியையும் காத்துக்கொண்டு, வீதியைச் சற்று வளைத்துக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவரது முறை. உயிர்காக்கும் நோக்குடன் இயன்றவரை குறைவாக வெட்டும் அறுவைச் சிகிச்சைக்கு அவர் அதனை ஒப்பிட்டார்.

1921இல் கொழும்புக்கென அவர் தயாரித்த முதனிலை அறிக்கை வெளியாயிற்று. கிழக்கின் பூங்கா நகர் என்னும் எண்ணம் அவரோடு சேர்த்தே பேசப்படுகிறது. கெடிசைப் பற்றி நம்மவர் பொதுவாக நினைவுகூர்வதும் அந்தத் தொடரையே. அவ்வறிக்கையின் பயன் நகரின் எப்பகுதிக்குக் கிடைத்தது என்று பார்த்தால், வட்டவீதிகளும் நிழல்மரங்களும் கறுவாத்தோட்டத்திலேயே செழித்தன. நெருக்கமான பேட்டைக்கென அவர் தமிழ்நாட்டு நகரங்களில் வகுத்த முறையைப் புறக்கோட்டையிலோ கிராண்ட்பாஸிலோ முறையாகக் கையாண்டதற்குச் சுவடில்லை. பூங்கா ஏற்கெனவே பூங்காவாயிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மரமில்லாத வீதி மரமில்லாமலே இருந்தது.

இலண்டன் மாநகரத் திட்டத்தால் புகழ்பெற்ற சேர் பற்றிக் அபர்குரொம்பி 1948இல் கொழும்புப் பிரதேசத்துக்கு வகுத்த திட்டம், இரத்மலானை, ஹோமாகம, ராகமை ஆகிய இடங்களிற் துணைநகர்களை அமைத்து மையத்தின் சுமையைக் குறைக்க விழைந்தது. அது பெருமளவுக்கு ஏட்டிலேயே நின்றது. 1953இல் ட்ராம் வண்டிகளின் இடத்தைத் துரொலி பஸ்கள் பிடிக்கத் தொடங்கின. அவையும் 1964இல் நின்றன. 1959இல் விக்ரோறியாப் பாலத்துக்கு மேற்புறமாகப் புதிய களனிப் பாலம் திறக்கப்பட, மோட்டார் வாகனங்கள் பழைய துறையைத் தொடாமலே நகரை அடைய வழி பிறந்தது. வாயில் மறுபடியும் நகர்ந்தது. துறை இருந்த இடம் வாயிலாக இல்லாதொழிந்து, வாயிலின் நெரிசலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டதும், 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குச் சென்றதும் நகரின் பார்வையைக் கிழக்கே திருப்பின.

இவ்வரலாற்றில் விலக்க முடியாத ஓர் அத்தியாயம் போர்க்காலத்துக்குரியது. வாயிலின் தொழில்கள் மதிலோடு அழிவதில்லை என்று முதலிற் கூறினோம். 2009 வரை நீடித்த போரின் ஆண்டுகளில் கொழும்பின் நுழைவு வீதிகளெங்கும் சோதனைச் சாவடிகள் எழுந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, எங்கிருந்து வருகிறோம், எங்கே தங்குகிறோம், எதற்காக வந்தோம் என்ற வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே நகருக்குள் செல்லவேண்டும் என்ற நிலை வடகிழக்கிலிருந்து வந்த தமிழருக்கு வழமையாயிற்று. வாயிலைக் கடந்தவர்களும் நிலையாக உள்ளே இருந்தவர்களாகக் கொள்ளப்படவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. வீதியமைப்பு நூல்கள் நுழைவாயிலின் அழகு, அகலம், வேகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும். நுழைவுரிமையைப் பற்றி அவை பேசுவதில்லை. கொழும்பின் வரலாற்றிலோ அதனை விட்டு மற்றையவற்றைப் பேச இயலாது.

போரின் பின் வடகிழக்கு வாயில் முன்னெப்போதுமில்லாத அளவுக்கு மாற்றியமைக்கப்பட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பேலியகொடை வரை 25.8 கிலோமீற்றர் நீளமான அதிவேக நெடுஞ்சாலை 2013 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. 2021 நவம்பரில் யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட, வடங்களால் தாங்கப்படும் ஆறு ஒழுங்கைப் பாலம் களனி கங்கையின்மேல் திறக்கப்பட்டது. அதற்கு 'கோல்டன் கேட் கல்யாணி' என்று பெயர். வாயில் என்னும் சொல் நெடுங்காலத்தின் பின் மீண்டும் கொழும்பின் எல்லையில் எழுதப்பட்டிருக்கிறது! இரவில் வண்ண விளக்குகளோடு அது காண்பதற்கு அழகியது; மறுப்பதற்கில்லை. பேலியகொடையில் மணிக்கணக்காகத் தேங்கி நின்றவர்களுக்கு அதன் பயனை எடுத்துச்சொல்ல வேண்டியதுமில்லை. இத்தொடர்ச்சியிலே துறைமுக ஓரமாகக் கோட்டை வரை தூண்களின்மேற் செல்லும் உயர்வீதிக்கான பணியும் தொடங்கப்பட்டது. முற்காலத்துத் திருத்தங்கள் வாயிற் சமூகத்தை ஊடறுத்துச் சென்றன. இது அதனைத் தொடாமலே மேலாற் கடந்துசெல்வது.

பாலத் திட்டத்தால் வீடிழந்த குடும்பங்களுக்கு மாடிவீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. 1822இலோ 1895இலோ எவரும் எண்ணிப்பாராத நீதி இது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் வீதியோரத்து வீடு வெறும் உறைவிடமன்று. முன்னறையில் தேநீர்க்கடை, திண்ணையில் சைக்கிள் திருத்துமிடம், படியில் அப்பம் சுட்டு விற்கும் கிழவி என்று வீதியின் ஓட்டமே அவ்வீட்டின் வருவாய். ஏழாம் மாடிக்கு வீதி வருவதில்லை.

சந்தையும் வாயிலைப் பின்தொடர்ந்தது. புறக்கோட்டையிலிருந்த மானிங் சந்தை 2020இல் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் வரும் மரக்கறி லொறிகள் இப்போது ஆற்றைக் கடப்பதில்லை. அங்கே சுமை இறக்குவோரைப் புறக்கோட்டையில் 'நாட்டாமை' என்பர். தமிழ்நாட்டிலே ஊர்த்தலைவனைக் குறிக்கும் அச்சொல் இங்கே தலையில் மூட்டை சுமப்பவனுக்கு வந்து சேர்ந்த விதம் தனியே ஆராயத்தக்கது. பெருந்தோட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த தமிழர் அவர்களுட் பலர். கண்டி வீதியின் மறுமுனையிலிருந்து, கோப்பி வந்த அதே வழியால் வந்தவர்கள்.

ஆற்றங்கரையில் பழைய துறையின் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. களனி கங்கை பெருக்கெடுக்கும்போதெல்லாம் நீர்ப்பாசனத் திணைக்களம் வெள்ளத்தின் உயரத்தை அளந்து அறிவிப்பது நாகலகம் வீதியிலுள்ள அளவுகோலைக் கொண்டே. வானொலியில் அந்தப் பெயரைக் கேட்டதும், உயர்ந்த பாலங்களுக்குக் கீழே தாழ்நிலத்தில் வாழும் குடும்பங்கள் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணில் ஏற்றத் தொடங்குகின்றன.